கணினியும் கன்சோலும்

விடுதியில் வாழும் மாணவர்க்கு வாதம் என்பது உணவையொத்த ஒரு தேவையாகும். கிரிக்கெட்டில் வல்லவர் எவர், கம்பரையும் இளங்கோவையும் எதிரெதிர் நிறுத்தினால் மேம்பட்டவர் எவர் என்பன போன்ற வினாக்கள் ஆண்டுதோறும் எழுகின்றன; ஆண்டுதோறும் முடிவு காணாமலே அடங்குகின்றன. அண்மையில் இவற்றோடு மற்றொரு வினாவும் வந்து சேர்ந்திருக்கின்றது. விளையாடுதற்குச் சிறந்தது கணினியா, கன்சோலா என்பதே அது. கன்சோல் என்பது தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடுதற்கென்றே செய்யப்பட்ட பொறி. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் என்னும் பெயர்களால் மாணவர் அதனை நன்கறிவர். இயற்பியல் மாணவரும் பொருளாதார மாணவரும் இதன்பொருட்டு இரு கட்சியாய்ப் பிரிந்து நள்ளிரவுவரை வழக்காடுவதை யாம் பலகாலும் கேட்டிருக்கின்றோம். தமிழ் பயில்வோராகிய எம்மை, ஒரு கட்சியையும் சாராதவர் என்று கருதிப்போலும், நடுவராக அமர்த்திய நாட்களும் உண்டு. ஆயின் விழுப்புரம், திண்டிவனம் ஆகிய எம் ஊர்ப்பக்கத்து வீடுகளில் இவ்வழக்கு நடைபெறும் முறையே வேறு. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இரு கட்சியார் கூறுவனவற்றையும் சுருங்கக் கூறுவாம். கணினிக் கட்சியார் சொல்வது இது: கணினி திறந்து பார்க்கத்தக்கது, ஓர் உறுப்புப் பழுதுபட்டால் அவ்வுறுப்பை மட்டும் மாற்றலாம், இன்று சிறிது, கைப்பொருள் வந்தபின் சிறிது என வளர்த்துக்கொள்ளலாம், ஆடுதலோடு எழுதவும் படிக்கவும் தொழில் செய்யவும் அது உதவும். ‘ஸ்டீம்’ என்னும் இணையக் கடை 2015 முதல் ரூபாயிலேயே ஆட்டங்களை விற்று வருகின்றது. விழாக்காலங்களில் விலையைப் பெரிதும் குறைக்கின்றது. கன்சோல் கட்சியார் விடுக்கும் விடையோ இது: கன்சோலுக்கு விலை ஒன்றே, வாங்கிய பின்னர் ஆறேழு ஆண்டுகள் உறுப்பு மாற்றும் கவலை இல்லை, ஆட்டங்கள் யாவும் அப்பொறிக்கென்றே அளவெடுத்துச் செய்யப்படுவன, பொத்தானை அழுத்தியவுடன் ஆடலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, இருவர் அருகருகே அமர்ந்து ஒரே திரையில் ஆடலாம். அதற்கு எதிர்க்கட்சியார், புதிய ஆட்டம் ஒன்றிற்கு நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய் கொடுப்பவர் எவர் என்றும், விலை கொடுத்து வாங்கிய ஆட்டத்தை இணையவழிப் பிறரோடு ஆடுதற்குத் தனிக் கட்டணமும் எதற்கு என்றும் கேட்பர். ஆடி முடித்த வட்டை நண்பனுக்குக் கொடுக்கலாமே, விற்கவும் செய்யலாமே என்று மறுமொழி வரும். இங்ஙனமே வாதம் வளரும்.

இவ்வாதத்தில் இரு திறத்தாரும் மறந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. கணினியும் கன்சோலும் பிறப்பால் வேறானவை அல்ல. 1962இல் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த இளைஞர் சிலர், ஆராய்ச்சிக்கென வைக்கப்பட்டிருந்த பி.டி.பி.-1 என்னும் கணினியில், விண்கலங்கள் இரண்டு ஒன்றையொன்று சுடும் ‘ஸ்பேஸ்வார்’ என்னும் ஆட்டத்தை இயற்றினர். அக்கணினியின் விலை ஓர் இலட்சத்து இருபதினாயிரம் டாலர். பத்தாண்டு கழித்து, 1972இல், ரால்ப் பேயர் என்பவர் வகுத்த முறையில், வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கும் ‘ஆடிஸி’ என்னும் பெட்டியை மேக்னவாக்ஸ் நிறுவனத்தார் விற்பனைக்குக் கொணர்ந்தனர். கல்விக்கூடத்துப் பொறியில் திருட்டுத்தனமாய்த் தொடங்கிய விளையாட்டு, அன்று தனக்கென ஒரு வீட்டைப் பெற்றது என்னலாம். அதன் பின்னர் இரு குடும்பங்களும் பிரிந்து சென்று மீண்டும் ஒன்றாயின. 2001இல் வெளிவந்த முதல் எக்ஸ்பாக்ஸினுள் இருந்தது கணினிகளுக்குரிய இன்டெல் செயலியே. பிளேஸ்டேஷன் 4, பிளேஸ்டேஷன் 5 ஆகியவற்றுள் இருப்பவை ஏ.எம்.டி. நிறுவனத்தார் செய்த செயலிகள். அவற்றின் உடன்பிறப்புக்களே கடையில் விற்கும் கணினிகளிலும் உள்ளன. 2010இல் அமெரிக்க விமானப் படையினர் பிளேஸ்டேஷன் 3 என்னும் பெட்டிகள் 1,760ஐ ஒருங்கிணைத்துப் பெருங்கணினி ஒன்று சமைத்தனர். அதே ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று, அப்பெட்டியில் லினக்ஸ் நிறுவிக் கணினியாகப் பயன்படுத்தும் வசதியைச் சோனி நிறுவனத்தார் நீக்கிவிட்டனர். பொறி மாறவில்லை, அதனை எதுவாகக் கொள்ளலாம் என்னும் இசைவு மட்டுமே மாறிற்று. ஆகவே இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை பெரும்பாலும் உள்ளிருக்கும் சில்லைப் பற்றியதன்று. எப்பெயரால் அழைக்கின்றோம், எதன்பொருட்டுப் பணம் கொடுக்கின்றோம் என்பதைப் பற்றியதே என்பது எம் துணிபு.

இனி எம் ஊர்க்கதைக்கு வருவாம். விழுப்புரம் பல இருப்புப்பாதைகள் கூடும் சந்திப்பு. அதற்கு வடக்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திண்டிவனம். எம் இல்லம் திண்டிவனத்தில் உள்ளது. எம் பெரியப்பாவின் குடும்பம் விழுப்புரத்தில் உள்ளது. 2008இல் பெரியப்பா விழுப்புரத்தில் பள்ளிக்கூடம் ஒன்றிற்கு அண்மையில் ஒரு வீடியோ கேம் கடை வைத்தார். பழைய பிளேஸ்டேஷன் 2 பெட்டிகள் இரண்டு, தொலைக்காட்சிகள் இரண்டு, கோரைப்பாய் ஒன்று, மேலே சுழலும் விசிறி ஒன்று. இவையே கடையின் முதல். மணிக்குப் பதினைந்து ரூபாய். ‘கிரிக்கெட் 07’ என்னும் ஆட்டமும், மல்யுத்த ஆட்டம் ஒன்றுமே பெரிதும் விரும்பப்பட்டன. யாம் அப்பொழுது நடை பயிலும் குழந்தை; ஆதலின் இவை யாவும் பின்னர்க் கேட்டறிந்தனவேயாம். ஆயினும் கடை மூடுதற்குச் சற்று முன்னர் ஒருமுறை அப்பாயில் அமர்ந்திருந்தது எம் நினைவில் இருக்கின்றது. ஆடுவோர் இருவர், அவர்க்குப் பின்னே காசின்றி நின்று பார்ப்போர் எண்மர். ஆடுவோரினும் பார்ப்போர் ஆரவாரமே பெரிது. பெரியப்பா அவர்களை ஒருநாளும் விரட்டியதில்லை.

அக்கடை வீழ்ந்த காரணத்தை ஆராய்வது இவ்வாதத்திற்கு மிகவும் பொருத்தமாகும். காரணங்கள் இரண்டு. முதலாவது மின்வெட்டு. 2012ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டங்களில் நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லாதிருந்ததைப் பெரியோர் மறந்திரார். மின்சாரம் இல்லையெனில் தொலைக்காட்சி இல்லை. தொலைக்காட்சி இல்லையெனில் கன்சோல் வெறும் பெட்டியே. இரண்டாவது காரணம் அரசு வழங்கிய மடிக்கணினி. 2006 முதல் தமிழக அரசு ஏழை மக்கள் இல்லங்களுக்குப் பதினான்கு அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கிற்று. ஆட்சி மாறியபின், 2011 செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயிலும் மேல்நிலை வகுப்பினர்க்கும் கல்லூரி மாணவர்க்கும் மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கிற்று. நினைத்துப் பார்ப்பின் இது வியப்பிற்குரியது. ஒரு திட்டத்தால் கன்சோலுக்கு வேண்டிய திரை வீட்டிற்கு வந்தது. மறு திட்டத்தால் கணினியே வந்துவிட்டது. வேறெந்த நாட்டிலேனும் இவ்வாதத்தின் இரு கட்சிகளுக்கும் அரசே வித்திட்டிருக்குமோ, அறியோம்.

மடிக்கணினிக்கு மின்கலம் உண்டு. மின்சாரம் நின்ற இருட்டில் ஒரு மாணவன் தன் மடிக்கணினியைத் திண்ணையில் திறந்தானாயின், தெருப் பிள்ளைகள் யாவரும் அங்கே கூடிவிடுவர். பெரியப்பாவின் கடையில் காசு கொடுத்தோரும் அவருள் இருப்பர். அம்மடிக்கணினிகளில் ஆட்டத்திற்கென்று தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, ஆற்றல் சிறிதே. எனினும் ‘வைஸ் சிட்டி’, ‘ரோட் ராஷ்’, ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’ முதலிய பழைய ஆட்டங்களுக்கு அச்சிறிய ஆற்றலே போதியதாயிற்று. அவை பென்டிரைவ் வழியே வகுப்பிலிருந்து வகுப்பிற்கும், ஊரிலிருந்து ஊருக்கும் பரவின. அங்ஙனம் பரவியவற்றிற்கு எவரும் விலை கொடுக்கவில்லை என்பதையும் உண்மை கருதிச் சொல்லவேண்டும். ஓராண்டிற்குள் பெரியப்பாவின் கடையில் பாய் சுருட்டப்பட்டது. 2013 தொடக்கத்தில் சோனி நிறுவனத்தாரும் பிளேஸ்டேஷன் 2 செய்வதை நிறுத்திவிட்டனர்.

ஆயின் கதை அங்கு முடியவில்லை. பெரியப்பாவின் மகனாரை யாம் அண்ணன் என்றே அழைப்போம். 2012இல் பன்னிரண்டாம் வகுப்பில் அவரும் ஒரு மடிக்கணினி பெற்றார். ஆட்டம் ஓடாதபொழுது ஏன் ஓடவில்லை என்று தேடுவதும், சூடேறி நின்றபொழுது திருகாணி கழற்றி விசிறியில் படிந்த தூசி துடைப்பதும் அவர்க்கு வழக்கமாயின. விரைவில் தெருவார் கணினிகள் யாவும் அவரிடமே வந்தன. விசைப்பலகை மாற்றுதல், மின்கலம் மாற்றுதல், சார்ஜர் மாற்றுதல் என்று ஆயிரக்கணக்கான ஒரே வகைப் பொறிகள் ஒரே காலத்தே பழுதுபடத் தொடங்கியபொழுது, அவற்றைச் சீர்செய்வோர்க்கு நல்ல தொழில் வாய்த்தது. மூடிய வீடியோ கேம் கடையிலேயே அண்ணன் கணினி பழுதுபார்க்கும் கடை திறந்தார். அரசு கொடுத்தது படிப்பிற்கு, அவர் கற்றது விளையாட்டால், பிழைப்பது அக்கல்வியால். இதனைப் படிப்பென்பதா, விளையாட்டென்பதா?

இவ்வினாவிற்குச் சட்டம் ஒரு விடையை முன்னரே எழுதி வைத்திருக்கின்றது. 1997இல் இந்தியா கையொப்பமிட்ட தகவல்தொழில்நுட்ப உடன்பாட்டால், கணினிகளுக்குரிய இறக்குமதித் தீர்வை படிப்படியாக நீக்கப்பெற்றது. கன்சோலோ விளையாட்டுப் பொருள்களின் வரிசையில் வைக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அதன் தீர்வை நூற்றுக்குப் பத்திலிருந்து இருபதாக உயர்த்தப்பட்டது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபொழுது கணினிக்கு நூற்றுக்குப் பதினெட்டு என்றும், கன்சோலுக்கு இருபத்தெட்டு என்றும் வகுத்தனர். உள்ளிருக்கும் சில்லு ஒரே குலத்ததாயினும், ஒன்று கருவி, மற்றொன்று கேளிக்கை. பிளேஸ்டேஷன் 3 2007இல் இந்தியாவிற்கு வந்தபொழுது அதன் விலை 39,990 ரூபாய். பிளேஸ்டேஷன் 4 2014இல் வந்தபொழுதும் 39,990. பிளேஸ்டேஷன் 5 2021 பிப்ரவரியில் வந்தபொழுது 49,990. அதற்கடுத்த ஆண்டின் இறுதியில் 54,990. இத்தொகையைப் பகுதி பகுதியாய்ச் சேர்த்து ஒரு கன்சோலை வளர்க்க இயலாது. முழுத்தொகையையும் ஒருங்கே வைத்தாலன்றி அதன் பாதியும் வீட்டிற்கு வாராது. மாதந்தோறும் வருவது கொண்டு வாழும் இல்லத்திற்கு இஃதொரு பெருந்தடை.

எம் இல்லம் அத்தகையதே. தந்தையார் திண்டிவனத்தில் தையற்கடை வைத்திருக்கின்றார். ஜூன் திங்களில் பள்ளிச் சீருடையும், தீபாவளி, கிறிஸ்துமஸ் காலங்களில் புத்தாடையுமே அவர்தம் வருவாய். அன்னையார் இருபது பேர் சேர்ந்த ஐம்பதாயிரம் ரூபாய்ச் சீட்டொன்றைக் கட்டி வந்தார். இடையில் தள்ளி எடுத்தால் தொகை குறையுமென்று கடைசித் திங்கள்வரை பொறுத்திருந்தார். அச்சீட்டு 2025 டிசம்பரில் முடிந்தது. அத்தொகைக்குக் காத்திருந்த கைகள் இரண்டு. ஒன்று செவிலியர் கல்வியின் மூன்றாம் ஆண்டில் பயிலும் எம் அக்காளுடையது. ஜனவரியில் அவள் செலுத்தவேண்டிய கட்டணம் இருபதினாயிரம் ரூபாய். அவள் மேல்நிலைக் கல்வி முடித்த ஆண்டில் அரசின் மடிக்கணினி அவளுக்குக் கிடைக்கவில்லை. கட்டுரைகள் யாவற்றையும் கைப்பேசியிலேயே விரல் நோக எழுதி வந்தாள். மற்றொரு கை, பதினொன்றாம் வகுப்பிற் பயிலும் எம் தம்பியுடையது. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றால் கேட்டது வாங்கித் தருவதாகத் தந்தையார் வாக்களித்திருந்தார். அவன் பெற்றான், பெற்றுக் கேட்டது பிளேஸ்டேஷன்.

எம் ஊர்ப் பிள்ளைகள் இத்தகைய நிலையில் செய்வது யாது என்பதை யாவரும் அறிவர். ‘படிப்பிற்குக் கணினி வேண்டும்’ என்பர். தந்தையர் மனம் இளகும், கணினி வரும், இரவில் ஆட்டம் நடக்கும். கணினிக் கட்சி எம் பக்கத்தில் வென்றதற்கு அதன் ஆற்றலினும் இச்சொல்லே பெருங்காரணம் என்று யாம் கருதுகின்றோம். தம்பிக்கும் இவ்வழி தெரியாததன்று. அவன் நண்பர் பலர் சொல்லியுமிருந்தனர். ஆயினும் அவன் தந்தையாரிடம், “படிப்புக்கு என்று பொய் சொல்ல எனக்கு மனமில்லை, அப்பா. விளையாடத்தான் கேட்கிறேன்” என்றான். தந்தையார் சினங்கொள்ளவில்லை. ஆனால் மறுமொழியும் கூறவில்லை. தைத்துக்கொண்டிருந்த சட்டையிலேயே கண்ணை வைத்திருந்தார். விளையாட்டிற்கென்று ஐம்பதினாயிரம் ரூபாயை அவர் தம் வாழ்நாளில் எண்ணியும் பாரார் என்பதை யாம் அறிவோம்.

அன்றிரவு தம்பியை யாம் தனியே வினவினோம்: கன்சோலில் நீ காணும் சிறப்பு யாது? அவன் படத்தின் தெளிவையோ வேகத்தையோ கூறவில்லை. நண்பன் வீட்டில் நால்வர் பாயில் அமர்ந்து, இரண்டு கண்ட்ரோலரை மாற்றி மாற்றி ஆடியதைக் கூறினான். “கைப்பேசியில் ஆடினால் பக்கத்தில் இருக்கிறவன் முகமே தெரியாது, அண்ணா” என்றான். அவன் கூற்று மெய்யே. 2016இல் ஜியோ வந்து இணையம் மலிந்தது. 2018இல் பப்ஜி கைப்பேசிக்கு வந்தது. 2020 செப்டம்பர் 2ஆம் நாள் நடுவணரசு அதனைத் தடைசெய்யும்வரை எம் தெருவில் இளைஞர் ஒவ்வொருவரும் தத்தம் கைப்பேசியில் தலைகவிழ்ந்து, அடுத்த திண்ணையில் இருந்தவனோடேயே செவிக்கருவி வழியாகப் பேசிக்கொண்டிருந்தனர். தடைக்குப் பின்னரும் பெயர் மாறிய ஆட்டங்கள் வந்தன, தலைகள் நிமிரவில்லை. தம்பி கேட்டது ஒரு பொறியை அன்று. பெரியப்பாவின் கடையில் விரித்திருந்த அந்தப் பாயையே என்று எமக்குத் தோன்றிற்று. அவன் அதனைக் கண்டதில்லை.

இதற்கிடையே சந்தையும் தன் பங்கிற்கு இடர் செய்தது. கணினியைச் சிறிது சிறிதாய் வளர்க்கலாம் என்னும் கூற்று உறுப்புக்களின் விலை அமைதியாக இருக்கும் காலத்திற்கே பொருந்தும். 2021இல் எத்தீரியம் முதலிய மின்னாணயங்களைக் கணக்கிட்டுப் பொருளீட்டுவோர் கிராபிக்ஸ் கார்டுகளைக் கூட்டங்கூட்டமாய் வாங்கினர்; குறித்த விலையினும் இருமடங்கு மும்மடங்கு கொடுத்தும் ஆடுவோர்க்கு அவை கிட்டவில்லை. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் எத்தீரியம் அம்முறையைக் கைவிட்டபின், உழைத்துத் தேய்ந்த கார்டுகள் பழைய பொருட்சந்தையில் வந்து குவிந்தன. 2025இன் இறுதியிலோ மெமரியின் முறை வந்தது. செயற்கை அறிவிற்கென எழுப்பும் தரவு மையங்கள் மெமரிச் சில்லுகளை அள்ளிக்கொள்ளவே, வீட்டுக் கணினிக்குரியவை அருகின. டிசம்பர் 3ஆம் நாள் மைக்ரான் நிறுவனத்தார், பொதுமக்களுக்கென ‘க்ரூஷியல்’ என்னும் பெயரில் விற்றுவந்த வணிகத்தை விட்டு விலகுவதாகவே அறிவித்தனர். ஆகஸ்டில் தம்பிக்காக யாம் எழுதிவைத்திருந்த புதுக்கணினிப் பட்டியலில் மெமரிக்கு மூவாயிரத்துச் சொச்சம் குறித்திருந்தோம். டிசம்பரில் அதே பொருளுக்கு எண்ணாயிரம் கேட்டனர். எங்கோ அமெரிக்காவில் ஒரு மையம் எழுந்தால் திண்டிவனத்துத் தையற்காரர் வீட்டுக் கணக்குப் புரளும் காலம் இது.

கிறிஸ்துமஸிற்கு அடுத்த சனிக்கிழமை தந்தையாரும் தம்பியும் யாமும் விழுப்புரம் சென்றோம். அண்ணன் முழுவதும் கேட்டார். பின்னர் ஒரு பழைய ரசீதின் பின்புறத்தில் பென்சிலால் எழுதத் தொடங்கினார். பெரிய அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திய கணினிகளை மொத்தமாக விற்றுவிடும். அவை சென்னை ரிச்சி தெருவிற்கு வந்து, அங்கிருந்து எம்மனோர் ஊர்களுக்குப் பரவும். அத்தகைய மேசைக்கணினி ஒன்று அவர் கடையிலேயே இருந்தது: பதினொன்றாயிரத்து ஐந்நூறு. அதன் மின்வழங்கி சிறிது; பெரிய கார்டைத் தாங்காது. ஆகவே தனி மின்கம்பி வேண்டாது, பொருத்தும் இடத்திலிருந்தே எழுபத்தைந்து வாட்டிற்குள் மின்சாரம் கொள்ளும் கார்டே பொருந்தும் என்றார். 2016இல் வெளிவந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. அத்தகையது, பழையது ஒன்று ஆறாயிரம். மின்னாணயத்தில் தேய்ந்ததோ என்று ஐயுற்றோம். அண்ணன் அதனை எம் கண்முன்னே ஒருமணி நேரம் ஓடவிட்டு வெப்பநிலை காட்டினார். கூடுதல் மெமரி, பழையதே, ஆயிரத்து எண்ணூறு. கண்ட்ரோலர் இரண்டு, இரண்டாயிரத்து அறுநூறு. கணினியை வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கும் எச்.டி.எம்.ஐ. கம்பி முந்நூறு. ஆக இருபத்திரண்டாயிரத்து இருநூறு. ஐம்பதினாயிரத்தில் எஞ்சியது இருபத்தேழாயிரத்து எண்ணூறு; அதில் அக்காளின் கட்டணம் போக ஏழாயிரத்து எண்ணூறு அன்னையார் கைக்கு.

இதனால் யாவும் இனிதாயிற்று என்று கூற யாம் விரும்பவில்லை. புதிய பெரும் ஆட்டங்கள் அப்பொறியில் ஓடா. தம்பி நெடுநாள் கண்ட கனவு அதுவன்று. பட்டியலைப் பார்த்து அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். கார்டை என்றேனும் மாற்றலாமா என்று மட்டும் கேட்டான். மின்வழங்கியை மாற்றினால் கார்டையும் மாற்றலாம் என்று அண்ணன் கூறினார். அப்பொழுது தந்தையார், அதுவரை வாய் திறவாதிருந்தவர், “பிள்ளை விளையாடத்தான் வாங்குகிறோம். பெண்ணும் அதில் எழுதிக்கொள்வாள்” என்றார். இதனைக் கேட்ட தம்பி முகத்தை யாம் நோக்கினோம். வரிசை மாறியிருந்ததை அவனும் உணர்ந்திருந்தான். விளையாட்டு முதலிலும் படிப்பு அதன் பின்னும் நின்றன. எம் இல்லத்தில் விளையாட்டிற்கு அதன் சொந்தப் பெயராலேயே பணம் கொடுத்தது அதுவே முதன்முறையாகும்.

அப்பொறி இப்பொழுது எம் கூடத்தில் தொலைக்காட்சிக்கு அடியில் இருக்கின்றது. பகலில் அக்காள் எழுதுவாள். அவளுக்குத் தேர்வென்றால் எவரும் கண்ட்ரோலரைத் தொடார். சனிக்கிழமை மாலைகளில் தம்பியின் தோழர் நால்வர் ஐவர் வந்து பாயில் அமர்வர். ஆடுவது ‘கிரிக்கெட் 07’ முதலிய பழைய ஆட்டங்களே. பெயரால் அது கணினி, பயனால் கன்சோல். விடுதி வழக்கின் இரு கட்சியாரும் அதனைத் தம்முடையது என்று கொள்ளலாம். தம்முடையதன்று என்று தள்ளவும் செய்யலாம். வேறோர் இல்லத்தில் விடை வேறாகும் என்பதிலும் ஐயமில்லை. ஐம்பதினாயிரமும் விளையாட்டிற்கே ஆகுமெனின் கன்சோல் வாங்குவார் அறியாதார் அல்லர். அவர்க்கு அஃதே எளிது, அஃதே நன்று.

2025 மார்ச்சில் வாசிக்கப்பெற்ற வரவுசெலவுத் திட்டத்தில், கல்லூரி மாணவர் இருபது இலட்சம் பேர்க்கு இரண்டாண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்குவதாகத் தமிழக அரசு அறிவித்தது. அவை படிப்பிற்கென்றே வழங்கப்படுவன. அவற்றில் மாணவர் விளையாடவும் செய்வர். 2012இல் விழுப்புரத்தில் நிகழ்ந்தது மீண்டும் பல தெருக்களில் நிகழும். அதனைக் கண்டு முகஞ்சுளிப்போர், விளையாட்டால் திருகாணி கழற்றக் கற்றவர்களையும் ஒருகால் எண்ணிப் பார்ப்பாராக. மாணவ அன்பர்களும் ஒன்று செய்யலாம். கணினியா கன்சோலா என்று நள்ளிரவில் வழக்காடுமுன், அவரவர் இல்லத்தில் அத்தொகை எங்கிருந்து வருகின்றது, அதற்குக் காத்திருக்கும் வேறு கை எது, வாங்கியபின் அருகில் அமர்ந்து ஆட இடமுண்டா என்னும் மூன்று வினாக்களை முதலில் கேட்டுக்கொள்ளலாம். கேட்டபின், வேண்டுவது விளையாட்டெனின், அதனை விளையாட்டென்றே பெற்றோரிடம் சொல்லலாம். தம்பியிடமிருந்து யாம் கற்றுக்கொண்டது இது.